எல்லை தாண்டிய செம்மண்

செங்கரை நாட்டை ஒரு காலத்தில் கண்டராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒருவனுக்குப் பல்லக்கு கொடுப்பார். மாலையில் அவனையே அதைச் சுமக்கச் சொல்வார். அப்படிப்பட்ட மனுஷர்.

அவருடைய மந்திரி அலர்மேனி. கோட்டைக் கதவுகளுக்காக ராஜாவின் ஆட்கள் மேற்குமலை மரங்களை வெட்டித் தள்ளியதிலிருந்து அவளுக்கு நிம்மதியில்லை. மழை பெய்தால் மலைச்சரிவு கரைந்து ஓடியது. கம்பு விளைந்த கொல்லைகளில் இப்போது வெறும் பாறை. குடியானவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பத் தொடங்கினார்கள்.

“மகாராஜா, சரிவெங்கும் கல்வரப்பு போட்டு, புல்லும் மரமும் நட வேண்டும். படைவீரர்களை அனுப்புங்கள்” என்றாள்.

சேனாதிபதி மல்லப்பருக்கு அவளைக் கண்டாலே பொறாமை. சபை அதிரச் சிரித்தார்.

“வாள் பிடித்த கை மண்வெட்டி பிடிப்பதா? பிரபு, என் காவலை மீறி நம் மண்ணில் ஒரு பிடிகூட வெளியே போகாது!”

“போகிறதே! கண்ணெதிரே களவு போகிறது” என்றாள் அலர்மேனி.

ராஜாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “அந்தத் திருடனைக் காட்டு, படை உனக்கு. காட்டாவிட்டால் மந்திரி மோதிரத்தைக் கழற்றி மல்லப்பரிடம் கொடுத்துவிடு!”

அவள் விரலிலிருந்த மோதிரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.

ஐப்பசி மழை கொட்டியது. மறுநாள் காலை, நனைந்த சேலையோடு சபைக்குள் ஓடிவந்தாள்.

“திருடன் கிழக்கு எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறான், மகாராஜா!”

மல்லப்பர் குதிரையில் பாய்ந்தார். ராஜாவும் அலர்மேனியும் பின்னாலேயே விரைந்தார்கள். எல்லையில் ஆறு செக்கச்செவேலென்று நுரைத்து ஓடியது. மல்லப்பர் குதிரையோடு ஆற்றுக்குள் இறங்கி வாளைச் சுழற்றினார். “எங்கே அந்தத் திருடன்?”

“உங்கள் குதிரையின் காலுக்கடியில்தான் போகிறான்” என்றாள் அலர்மேனி.

அவர் வாய் திறப்பதற்குள், அக்கரை மேட்டில் பூசணி பறித்துக்கொண்டிருந்த அண்டைநாட்டு உழவன் ஒரு பெரிய கும்பிடு போட்டான்.

“சாமி! இந்த மேடே உங்க நாட்டு மண்ணுதான். வருஷா வருஷம் தவறாம அனுப்பி வைக்கிறீங்க. மகராசனா இருக்கணும்!”

ராஜா குனிந்து ஒரு கை நீர் அள்ளினார். நீர் வடிந்ததும் உள்ளங்கையில் செம்மண் தங்கியது. அவர் முகம் சிவந்தது.

“போரே இல்லாமல் நாட்டைத் தாரை வார்த்திருக்கிறீரே, மல்லப்பரே! மந்திரி, இந்த எதிரி எங்கிருந்து புறப்படுகிறான்?”

“மேற்குமலையிலிருந்து, மகாராஜா.”

“அங்கேயே மறியுங்கள். முதல் மண்வெட்டி சேனாதிபதிக்கு!”

படை மலையேறியது. மல்லப்பர் மீசையெல்லாம் சேறாகக் கல் சுமந்தார். அலர்மேனியும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்களோடு நின்றாள்.

அடுத்த பெருமழையில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சீறி வந்த வெள்ளம் வரப்புக்கு வரப்பு நின்று, தயங்கி, மண்ணை இறக்கிவிட்டுத் தெளிந்து இறங்கியது. “தெளிஞ்சிடுச்சு! தெளிஞ்சிடுச்சு!” என்று வீரர்கள் கூத்தாடினார்கள்.

போரில் வென்ற தளபதிகள் மட்டுமே ஏறும் பட்டத்து யானையில் ராஜா அலர்மேனியை ஏற்றினார். முரசு முழங்க நகர்வலம் புறப்பட்டது. யானைக்கு முன்னால், தலைகுனிந்தபடி, மல்லப்பர் கூட்டத்தை விலக்கி அவளுக்கு வழிசெய்துகொண்டு நடந்தார்.