கிரேன் எந்தப் பக்கம்?

குரு என்றால் தாடியும் ஆலமரமும் வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கதை சரிப்படாது. இந்தக் குருவுக்குத் தலையில் மஞ்சள் ஹெல்மெட். பெயர் ஜெயராக்கினி. சிஷ்யர் வேதமூர்த்தி அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பேரன் எடுத்தவர்.

ஜெயராக்கினியின் வேலை ரிக்கை இடம் மாற்றுவது. எரிவாயுக் கிணறு தோண்டும் இரும்புக் கோபுரத்தை, ஒரு கிணறு முடிந்ததும் துண்டு துண்டாகப் பிரித்து, டிரெய்லர்களில் ஏற்றி, அடுத்த இடத்தில் இறக்கி மறுபடி நிறுத்த வேண்டும். கேட்பதற்கு வீடு மாறுவது போலத்தான் இருக்கும். வீடு மாறும்போதே புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. இங்கே வரிசையாக லாரிகள், ஊர்ப்பட்ட ஆட்கள், போதாததற்குச் சென்னையில் ஒரு தலைமை அலுவலகம் வேறு.

வேதமூர்த்தி அந்தத் தலைமை அலுவலகத்துக்காரர். திட்டப் பிரிவில் உட்கார்ந்தபடியே எத்தனையோ ரிக்குகளை நகர்த்தியவர். பிரிவுத் தலைவர் பதவி காலியானபோது, ஒரு முறையாவது களத்தில் நின்று நகர்த்திக் காட்டட்டும், பிறகு பார்க்கலாம் என்று பொது மேலாளர் சொல்லிவிட்டார். சொதப்பினால் பதவியும் கிடையாது, இருக்கிற நாற்காலியும் கிடையாது. ஓய்வு பெறும் வரை கிடங்கில் போல்ட்டு, நட்டுகளோடு காலம் தள்ள வேண்டியதுதான்.

அப்படித்தான் அவர் ராமநாதபுரம் பக்கத்துக் கருவேலங்காட்டுக்கு வந்து சேர்ந்தார். நீங்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஜெயராக்கினியிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டார். அவர் சரியென்று எல்லோரையும் கூட்டி, இந்த முறை சார் சொல்வதுதான், என்னிடம் யாரும் வந்து நிற்கக் கூடாது என்று அறிவித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

வேதமூர்த்தி தன் திட்டத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். பல வண்ணத்தில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார். எந்த லாரியும் எந்த ஆளும் ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கக் கூடாது என்பது அதன் அழகு.

"இதுல என்ன குறை மேடம்?"

ஜெயராக்கினி பார்த்தார். இன்னொரு கிரேன் வேறு கிணற்றில் மாட்டிக்கொண்டதால், இந்த முறை இருந்தது ஒரே கிரேன்தான்.

"கிரேன் இங்கேருந்து எப்பக் கிளம்பணும் சார்?"

"கடைசி லோடை ஏத்திவிட்டுட்டு."

"அங்க எப்பப் போய்ச் சேரணும்?"

"முதல் லோடு இறக்குறதுக்கு முன்னாடி."

"ம்" என்று சொல்லித் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கலர் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அது பாராட்டு இல்லை என்பது வேதமூர்த்திக்கு முதல் நாள் மத்தியானமே புரிந்தது. முதலில் போன லாரிகள் புது சைட்டில் இறக்க வழியில்லாமல் வெயிலில் நின்றன. சென்னையிலிருந்து பொது மேலாளர் கூப்பிட்டார். அங்கே இறக்க ஆரம்பித்தாயிற்றா என்று கேட்டார். இதோ ஆரம்பிக்கிறோம் சார் என்று சொல்லி, வேதமூர்த்தி கிரேனை அங்கே அனுப்பினார். கிரேன் போய்ச் சேர்ந்து தன் இரும்புக் கால்களை ஊன்றுவதற்குள் மறுபடி போன். பழைய சைட் காலியாயிற்றா என்று கேட்டார் பொது மேலாளர். இதோ சார் என்று கிரேனை இங்கே திருப்பினார் வேதமூர்த்தி.

கிரேன் என்பது ஸ்கூட்டர் இல்லை. ஆடு மேய்ப்பவர் அதை முந்திக்கொண்டு போய்விடுவார். போன் வரும்போதெல்லாம் அது திரும்பியது. சுமை தூக்கிய நேரத்தைவிட ரோட்டில் ஊர்ந்த நேரம்தான் அதிகம். ஆபரேட்டர் இருளாண்டி ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து, "இப்ப எந்தப் பக்கம் சார்?" என்று மட்டும் கேட்பார். நடு வழியில் டீக்கடை போட்டிருந்த அம்மாள், இன்ஜின் சத்தம் கேட்டதுமே அவருக்கு டீ ஆற்ற ஆரம்பித்துவிட்டார். முதல் நாள் சிரித்துக்கொண்டே கொடுத்தவர், இரண்டாம் நாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கொடுத்தார்.

இரண்டு பக்கமும் லாரிக்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஒருவர் டிரெய்லர் நிழலிலேயே அடுப்பு மூட்டிச் சோறாக்கினார். இன்னொருவர் வேதமூர்த்தியை மறித்து, எங்களை ஞாபகம் இருக்கா சார் என்று கேட்டார். ஊர்க்காரர்கள் வந்து, பஸ் போகிற வழியை அடைத்துவிட்டீர்களே என்று சத்தம் போட்டார்கள். எல்லோருக்கும் வேதமூர்த்தியிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க."

சொல்லிச் சொல்லி அவருக்கே அந்த வார்த்தை வெறுத்துவிட்டது. தூக்கத்திலும் அதையே உளறியதாகப் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். ஒருமுறை போனைக் காதிலிருந்து எடுத்ததும் அதைக் கருவேலம் புதருக்குள் வீசப் போனவர், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜெயராக்கினியிடம் வந்தார்.

"இத்தனை கூத்தையும் பாத்துட்டிருக்கீங்க. உங்களுக்குக் கோபமே வராதா மேடம்?"

"வருது சார்."

"யார் மேல?"

"அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

இப்படிப் பேசும் ஒருவரிடம் பாடம் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? வேதமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் புது சைட்டில் கோபுரத்தின் அடிப்பாகத்தை இறக்க வேண்டியிருந்தது. இருப்பதிலேயே அதிக எடை அதுதான். மாற்று ஆபரேட்டர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், இருளாண்டி மூன்று நாளாகச் சேர்ந்தாற்போலத் தூங்கவில்லை. வெறும் கொக்கியைத் திருப்பும்போதே அது விலகிப் போய் ஆபீஸ் கேபினில் இடித்தது. தகரம் உள்வாங்கிவிட்டது. சுமை கட்டும் பையன் ஸ்டீபனை வேதமூர்த்தி அந்த இடத்தில்தான் நிற்கச் சொல்லியிருந்தார்; அவன் சற்று முன்புதான் தண்ணீர் குடிக்க நகர்ந்திருந்தான். குவளையைக் கையில் பிடித்தபடி அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இருளாண்டி இறங்கி வந்தார். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார்.

"கண்ணு சொருகுது சார். செத்த நேரம் படுத்து எந்திரிச்சிர்றேன். பொறவு தூக்கிருவோம்."

வேதமூர்த்தி சரி என்றுதான் சொல்ல வந்தார். அதற்குள் போன் வந்துவிட்டது. நாளைக் காலையில் டெல்லியிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், அடிப்பாகம் இன்றைக்கே தரையில் இருந்தாக வேண்டும் என்றார் பொது மேலாளர். முடியுமா, இல்லை வேறு ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டார். குரல் உயரவே இல்லை. வேதமூர்த்திக்குக் கிடங்கும் போல்ட்டு டப்பாக்களும் கண் முன்னால் வந்துவிட்டன. முடியும் சார் என்றார்.

பிறகு இருளாண்டியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இது ஒண்ணு மட்டும் இருளாண்டி. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

இருளாண்டி மறுபடி ஏறினார். சுமை கட்டும் ரிக்கர்கள் கம்பி வடங்களை எடுத்துக்கொண்டு டிரெய்லர் பக்கம் போனார்கள்.

ஜெயராக்கினி கொட்டகையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிரேனைச் சுற்றிக் கட்டியிருந்த மஞ்சள் நாடாவைக் குனிந்து கடந்து உள்ளே போனார். அந்த நாடாவுக்குள் ஒரு காலை வைத்ததற்காக ஒரு காண்டிராக்டரை ஊருக்கே அனுப்பியவர் அவர். கொக்கிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து அவித்த பனங்கிழங்கு ஒன்றை எடுத்து, நார் உரிக்கத் தொடங்கினார்.

இருளாண்டி லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டு இன்ஜினை அணைத்தார்.

"மேடம், வெளிய வாங்க" என்றார் வேதமூர்த்தி.

ஜெயராக்கினி நாரை உரித்தார்.

"கிரேனுக்கு அடியில உக்காந்திருக்கீங்க மேடம்."

"ஆமா சார். இந்தக் கொக்கி எட்டுற இடத்துலதானே ஸ்டீபனையும் நிக்கச் சொன்னீங்க."

வேதமூர்த்திக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மூன்று நாள் எரிச்சலும் ஒன்றாகக் கிளம்பிவிட்டது. இந்த வயதில் இந்தக் காட்டில் வந்து ஆளாளுக்குப் பதில் சொல்லும்படி ஆகிவிட்டதே என்றார். கற்றுக்கொடுங்கள் என்று வந்தவனுக்கு இதுவரை ஒரு வார்த்தை உருப்படியாகச் சொன்னீர்களா என்று கேட்டார். தன் திட்டத்தில் யாருமே காத்திருக்க வேண்டியதில்லை, இங்கே வந்து பார்த்தால் காத்திருக்காத ஆள் ஒருவன்கூட இல்லை என்றார். அவருக்கு அழுகை வந்துவிடுமோ என்று ரிக்கர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"யாராவது காத்திருக்காம இந்த வேலை நடக்கவே நடக்காதா மேடம்?"

"நடக்காது சார். யார் காத்திருக்கணும்னு சொல்றதுதான் நம்ம வேலை."

"லாரிக்காரங்க காத்திருக்காங்க. ஊர்க்காரங்க காத்திருக்காங்க. இருளாண்டி தூக்கத்துக்குக் காத்திருக்காரு. இன்னும் யாருதான் மீதி?"

ஜெயராக்கினி பனங்கிழங்கை இரண்டாகப் பிளந்தார்.

வேதமூர்த்தியின் கையில் இருந்த போன் அடித்தது. யார் என்று பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் பார்த்தார். போனையும் மேலே தொங்கிய கொக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். தகரத்தில் விழுந்த பள்ளத்துக்குப் பக்கத்தில் ஸ்டீபன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

வேதமூர்த்தி போனை எடுக்கவில்லை. கிரேனை அண்ணாந்து பார்த்து, இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார். இருளாண்டி இறங்கி, சட்டையைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு, டிரெய்லர் நிழலில் சாய்ந்தார். சாய்ந்த உடனே தூங்கிப்போனார்.

அதன் பிறகுதான் ஜெயராக்கினி எழுந்தார். நாற்காலியை நாடாவுக்கு வெளியே கொண்டுவந்து வேதமூர்த்தியின் பக்கத்தில் போட்டார். பாதிக் கிழங்கை அவரிடம் நீட்டினார். போன் ஒருமுறை ஓய்ந்து மறுபடி அடிக்கத் தொடங்கியது.

வேதமூர்த்தி மெதுவாக உட்கார்ந்தார். ஒரு கையில் கிழங்கு, ஒரு கையில் போன்.

"இவர்கிட்ட நான் என்ன மேடம் சொல்றது?"

"மூணு நாளா எல்லார்கிட்டயும் சொன்னீங்களே சார். அதைத்தான்."