வள்ளத்தைத் தட்டும் சத்தம்

“பதினோரு நாளா வள்ளத்துலயே உக்கார வச்சிருக்கியேம்மா. கப்பலை என்னைக்குக் காட்டுவ?”

கேட்டவர் சபாபதி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முனீஸ்வரி விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். கடற்பாறைகளில் பாசி பறிக்கிறவள். அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள். ஆனாலும் தண்ணீருக்குள் அவள்தான் வாத்தியார்.

“மொதல்ல மேல இருக்கப் பழகுங்கண்ணே.”

வள்ளத்துக்குக் கீழே, மூன்று ஆள் ஆழத்தில், கப்பல் கிடந்தது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் பாறையில் மோதி உடைந்தது.

அந்தக் கப்பலைப் பற்றிய பழைய கடிதங்களைத் தேடித் தேடிப் படித்தவள் அவர் மனைவி திலகா. பதினாறு வருஷம். அவள் கப்பலைப் பற்றி வாயெடுத்தால் சபாபதி செய்தித்தாளை விரித்துக்கொள்வார்.

போன தை மாதம் திலகா போய்விட்டாள், கப்பலைக் கண்ணால் பார்க்காமலே. அவள் படத்துக்கு முன்னால் வைக்க அதிலிருந்து ஓர் ஆணியாவது வேண்டும் அவருக்கு.

பாசிப் பெண்கள் இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருத்தி முங்கினால் மேலே இருப்பவளும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். தாங்காதபோது வள்ளத்தைத் தட்டுவாள். கீழே இருப்பவள் உடனே ஏறிவிட வேண்டும்.

“கீழ போனா கண்ணுல ஆசை வந்துரும். தன் மூச்சு தீர்றது தனக்குத் தெரியாதுண்ணே. மேல இருக்கவளுக்குத்தான் தெரியும்.”

சபாபதி அதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டார். முனீஸ்வரி முங்கியதும் சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார். ரொம்ப நேரம் கழித்துத் தட்டுவார்.

அன்றைக்கு அவள் ஏறும்போது மூக்கில் ரத்தம்.

“நீங்க தட்டலையேன்னு நானும் இருந்துட்டேன். நல்ல தம்முண்ணே உங்களுக்கு. நாளைக்கு நீங்க எறங்குங்க.”

சபாபதிக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் இறங்கினார். பாசி மூடிய நங்கூரம். மட்கிய மரம். அதில் பச்சை பூத்த செம்பு ஆணி ஒன்று. பிடித்துத் திருகினார்.

டொக்.

இன்னும் கொஞ்சம்.

டொக், டொக்.

இதோ, அசைகிறது.

ஆணியோடு மேலே வந்தார். முனீஸ்வரி விளிம்பைப் பிடித்தபடி குனிந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவர் தலையைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள். இருமி இருமி மூச்சு வாங்கினாள்.

“தட்டிட்டேல்ல, அப்புறம் மூச்சு விட வேண்டியதுதானே?”

“நீங்க வரலையேண்ணே.”

அவர் கை தளர்ந்தது. ஆணி நழுவிக் கீழே போயிற்று.

“ஐயோ, திலகா அக்காவுக்குன்னு எடுத்ததாச்சே. ஏறி உக்காருங்க, நான் எடுத்தாறேன்.”

வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் முங்கிவிட்டாள்.

சபாபதி மூச்சை இழுத்தார். பிடித்தார்.

பத்து எண்ணினார். பதினைந்து. நெஞ்சு திமிறியது. இருபதில் இரண்டு கையாலும் வள்ளத்தைத் தட்டினார்.

முனீஸ்வரி வெறுங்கையோடு வந்தாள்.

“விரலுக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு. அதுக்குள்ள தட்டிட்டீங்களே. அந்தத் தம்மெல்லாம் எங்க போச்சு?”

“என் மூச்சு இவ்வளவுதாம்மா,” என்றார் சபாபதி.