எறும்பு முகம் தொட்டுப் பார்ப்பது ஏன்?

அந்தக் காலத்தில் எறும்புகளுக்கு வரிசை என்றால் என்னவென்றே தெரியாது. ஒன்று வேலியோரம் போகும், ஒன்று வெயில் காயும், ஒன்று போன வேலையை மறந்து ஊர்வம்பு பேசிக்கொண்டு நிற்கும். புற்றில் இருந்த ராணிகூட, "பொழுது சாயுறதுக்குள்ள வந்து சேருங்க" என்பதோடு சரி.

பிறகு கறையான்களோடு சண்டை மூண்டது. உடனே ராணி உத்தரவு போட்டாள். எல்லோரும் ஒரே வரிசையில்தான் போக வேண்டும். எதிரே வருபவளை நிறுத்தி, முகத்தைத் தொட்டு, நம் புற்றின் வாசனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அவள் வேவு பார்க்க வந்தவள், கொன்றுவிட வேண்டும். கொஞ்ச நாளில் யார் எதைத் தின்பது, எப்போது தூங்குவது என்பதையும் ராணியே சொன்னாள். "சண்டை முடியுற வரைக்கும்தான்" என்றாள்.

"எங்க அக்கா மூஞ்சியையும் மோந்து பாக்கணுமா? நல்ல கூத்துதான்!" என்று சிரித்தாள் செவ்வாயி என்ற எறும்பு. கூடச் சிரிக்க ஆளில்லை. பக்கத்தில் நின்றவள் மெல்ல விலகிப் போனாள். செவ்வாயி அதோடு சிரிப்பை விட்டாள். மறுநாளிலிருந்து எல்லோரையும்விட அழுத்தித் தொட்டுப் பார்த்தாள்.

ஒருநாள் மழை கொட்டியது. இரை தேடப் போன அவள் அக்கா பேச்சி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, ஒரு சருகைப் பிடித்துக் கரையேறி வந்தாள். வாசலில் காவல் நின்றது செவ்வாயி. தொட்டுப் பார்த்தாள். வாசனை துளிகூட இல்லை, மழை கழுவிவிட்டிருந்தது.

"நான்தான்டி, பேச்சி. குளிருது, உள்ள விடு."

அந்தக் குரல் அவளுக்குத் தெரியாதா? ஆனால் பின்னால் வரிசை மொத்தமும் பார்த்துக்கொண்டு நின்றது.

"என்ன யோசன?" என்றாள் ஒருத்தி. "ஒனக்குத் தெரிஞ்சவளா?"

"தெரியாது" என்றாள் செவ்வாயி. முதல் கடி அவளுடையது. பாவி, மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள்.

கோடையில் கறையான்கள் வேறு காட்டுக்குப் போய்விட்டன. "இனிமே அந்த உத்தரவு எதுக்கு?" என்று யாரோ ஒருத்தி கேட்டாள். ராணி பதில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. "அத எடுக்கவே கூடாது!" என்று எல்லோருக்கும் முந்திக் கத்தியவள் செவ்வாயி. உத்தரவு வீண் என்று ஆகிவிட்டால், அவள் செய்ததற்கு என்ன பெயர்?

இன்றும் எறும்பு வரிசை தவறாமல் போவதும், எதிரே வருவதை நிறுத்தி முகம் தொட்டுப் பார்ப்பதும் அதனால்தான். தொட்டுப் பார்க்குமே தவிர, நீ யார் என்று மட்டும் கேட்காது.