இடது தோள்

மலையடிவாரத்து ரைஃபிள் கிளப்பில் ஜெசிந்தாவை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். மாஸ்டர் அதிகம் பேசமாட்டார். யாராவது கேள்வி கேட்டால், அவர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொள்வார்.

சென்னியப்பன் அவரிடம் சுடக் கற்றுக்கொண்டவர். பம்பு செட்டுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருந்தார். கைவேலையில் கெட்டிக்காரர். அந்த நினைப்பும் அவருக்குக் கொஞ்சம் உண்டு.

அவருக்கும் மனைவி கோகிலவாணிக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி. பாயிண்ட் டூ டூ, செமி ஆட்டோமேட்டிக். உரிமம் இருவர் பேரிலும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் வந்து மாற்றி மாற்றிச் சுடுவார்கள்.

பிறகு சென்னியப்பனுக்கு ஒரு பித்துப் பிடித்தது. கடையில் வாங்கியது எல்லோரிடமும் இருப்பதுதானே, இதைத் தனக்கென்று ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று. முதலில் தொலைநோக்கி மாறியது. அடுத்து வார் மாறியது. கடைசியில் தோளில் வைக்கும் மரக்கட்டையையே மாற்றினார். ஈட்டி மரம் வாங்கித் தானே செதுக்கினார்.

அன்று அவர் மட்டும்தான் வந்திருந்தார்.

"பாருங்க மாஸ்டர். மெருகெல்லாம் இப்பத்தான் முடிஞ்சுதுங்க."

மாஸ்டர் எடுத்துப் பார்த்தார். கன்னம் சாய்வதற்கு ஒரு மேடு. கைப்பிடியில் கட்டைவிரல் உட்கார ஒரு குழி. எங்கே தடவினாலும் வழுவழுவென்று இருந்தது. நிஜமாகவே நல்ல வேலை, குறை சொல்ல முடியாது.

"வேலை சுத்தமா இருக்கு. அவங்க எங்க?"

"அதைக் கேக்கத்தானுங்க வந்தேன். அவ இப்ப வர்றதே இல்லீங்க. முதல்ல தலைவலின்னா. அப்புறம் வீட்ல வேலைன்னா. இப்பக் காரணமும் சொல்றதில்ல. நீங்க போயிட்டு வாங்கன்னு சொல்றா, அவ்வளவுதான்."

"சண்டையா?"

"ஒண்ணும் இல்லீங்க."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"ஆர்வம் போயிருச்சுன்னு நினைக்கறேனுங்க. பொம்பளைங்களுக்கு இதெல்லாம்..." மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

பிறகு வேறு குரலில் சொன்னார்.

"அவ இல்லாம வர்றதுக்கே பிடிக்கலீங்க. இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்தா, பக்கத்து சீட்டு காலியாக் கிடக்குது. அவளைத் திரும்பக் கூட்டிட்டு வர்றதுக்கு என்னங்க பண்றது?"

மாஸ்டர் துப்பாக்கியை நீட்டினார்.

"சுடுங்க."

சென்னியப்பன் தோட்டாக்களைப் போட்டு, வலது தோளில் அணைத்தார்.

"அந்தத் தோள் இல்ல. இடது."

"எனக்கு அந்தப் பக்கம் வராதுங்களே."

"தெரியும். சுடுங்க."

அவர் தோள் மாற்றினார். செதுக்கிய மேடு இந்தப் பக்கம் இல்லை. கன்னம் சாய இடமில்லாமல் தலை அந்தரத்தில் நின்றது. கட்டைவிரலுக்கு வைத்த குழி எதிர்ப்பக்கம் போய்விட்டது. இந்தப் பக்கத்து விளிம்பு உள்ளங்கையை அழுத்தியது. தொலைநோக்கியில் பாதி இருட்டாகத் தெரிந்தது. சுட்டார். காலித் தோட்டா மூக்குக்கு முன்னால் பறந்து விழுந்தது. இலக்குத் தாளில் ஓட்டையே இல்லை. மறுபடி சுட்டார். மறுபடியும் இல்லை.

மீதித் தோட்டாக்களை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"உக்காரவே மாட்டேங்குதுங்க. கை வெக்க இடமில்ல."

"பழைய கட்டையில?"

"அது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்துச்சுங்க. யார் எந்தப் பக்கம் வெச்சாலும்..."

கீழே வைத்த துப்பாக்கியில் தான் செதுக்கிய மேட்டைப் பார்த்தார்.

கோகிலவாணி இடது கைப்பழக்கம் உள்ளவர். பிறந்த வீட்டில் அந்தக் கையை யாரும் பொறுத்துக்கொள்ளவில்லை. சாப்பிட, எழுத, பரிமாற என்று எல்லாவற்றையும் அடித்து அடித்து வலது கைக்கு மாற்றினார்கள். கிளப்புக்கு வந்த முதல் நாள் மாஸ்டர் அவருக்கு எந்தக் கண் நன்றாகக் குறி பார்க்கிறது என்று சோதித்துவிட்டு, உங்களுக்கு இடதுதான், இடது தோள்லயே வெச்சு சுடுங்க என்றார். அப்படிச் செய்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்களா என்று கோகிலவாணி கேட்டார். சொல்லமாட்டார்கள் என்று மாஸ்டர் சொன்ன பிறகும், ஒருமுறை கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் துப்பாக்கியை எடுத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

"அவ பழகிக்குவான்னு நினைச்சேங்க," என்றார் சென்னியப்பன். "செதுக்கி முடிச்சதும் அவகிட்டத்தான் முதல்ல குடுத்தேன். இடது தோள்ல வெச்சா. அப்புறம் வலது தோள்ல மாத்தி வெச்சா. ரொம்ப நல்லா இருக்குங்கன்னு சொல்லிட்டுக் கீழ வெச்சுட்டா. நானும் சந்தோஷப்பட்டேன் மாஸ்டர். அதுதான் இப்ப மனசைப் போட்டுப் பிசையுது."

"பழைய கட்டை இருக்கா?"

"இல்லீங்க. உள் அளவு பாக்கறதுக்கு நானே ரெண்டா அறுத்துட்டேன்."

மாஸ்டர் குனிந்து காலித் தோட்டாக்களைப் பொறுக்கினார்.

"இன்னொண்ணு செஞ்சுடறேனுங்க. இடது கைக்குன்னே. இதைவிட நல்லாச் செய்வேன். அப்ப வருவாளுங்களா?"

மாஸ்டர் நிமிரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க அவ. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? செதுக்கறப்பவே சொல்லியிருந்தா அங்கயே நிறுத்தியிருப்பேன்."

"செதுக்கறப்ப அவங்க எங்க இருந்தாங்க?"

"என் பக்கத்துலதானுங்க. துப்பாக்கியைப் பட்டறைக்குக் கொண்டுபோக முடியாதுன்னு வீட்டு மாடிப்படிக்குக் கீழ உக்காந்துதான் வேலை செய்வேன். அங்க வெளிச்சம் பத்தாது. முடியறவரைக்கும் அவதான் டார்ச் பிடிச்சுட்டு நின்னா."

மாஸ்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"எந்தக் கையில?"

சென்னியப்பனுக்குத் தெரியவில்லை.