பொடியாளின் கண்ணாடிப் பெட்டி

மீனும் நண்டும் வாய்விட்டுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், கடலின் மேல்மட்டத்தில் வெயில் காய்ந்தபடி மிதக்கும் பாசிப்பொடிகளுக்கு ஓடு என்று ஒன்று கிடையாது. கண்ணுக்கே தெரியாத வழுவழுத் துளிகள். ஒன்றுக்கொன்று இம்மியும் வித்தியாசம் இல்லை. நீரோட்டம் ஒரு கலக்குக் கலக்கினால் போதும், இவள் பிள்ளையை அவள் வளர்ப்பாள், அவள் பிள்ளைக்கு இவள் அழுவாள்.

அவர்களில் ஒருத்தியான பொடியாளும் அப்படித்தான் ஏமாந்தாள். செத்து மிதந்த குழந்தை ஒன்றைத் தன்னுடையது என்று நினைத்து அணைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் ஒரு குழந்தை “அம்மா, அம்மா” என்று ஒட்டிக்கொண்டே வந்தது. “போ கண்ணு, உங்கம்மா தேடுவா” என்று அதை விலக்கிவிட்டாள். அது போன பிறகுதான் உறைத்தது, அந்தக் குரல் தன் பிள்ளையின் குரல். அதற்குள் நீரோட்டம் அதை எங்கேயோ கொண்டுபோயிருந்தது. பாவம், அந்த வலி அவளை விட்டுப் போகவேயில்லை.

மறுபடி வயிற்றில் பிள்ளை தங்கியபோது அவள் பாறையடிக்குப் போனாள். அங்கே உடம்பெல்லாம் ஊசியாகக் கடல்முள்ளெலி முள்ளன் உட்கார்ந்திருந்தான். கல்லைக் குடைவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. கோபமும் அவன் ஊசி மாதிரிதான், பட்டென்று குத்தும்.

“அண்ணே, என் பிள்ளையள நான் அடையாளம் காணணும். எனக்கு அழியாத குறி ஒண்ணு போட்டு விடுங்க, பிள்ளைக்கும் அதே வந்துரும்.”

“வழுவழுன்னு இருக்கியே, எதுல போட? தண்ணியிலயா கோடு கிழிக்க முடியும்?”

திட்டினானே தவிர, விரட்டவில்லை. மணலிலிருந்து தெளிவை மட்டும் வடித்துக் கண்ணாடியாக்கினான். அடிப்பாகமும் மூடியுமாக ஒரு பெட்டி செய்து அவளை உள்ளே வைத்தான். நடுவிலிருந்து விளிம்புவரை கோடு கோடாக இழைத்து, மூச்சு போய்வர வரிசையாகத் துளையும் போட்டான். அதைப் பார்த்து மற்ற தாய்மாரும் வந்து நின்றார்கள். ஒருத்திக்குப் படகு மாதிரி, ஒருத்திக்கு நட்சத்திரம் மாதிரி, வீட்டுக்கு ஒரு விதமாகச் செய்துகொடுத்ததில் அவன் ஊசியெல்லாம் மழுங்கிப்போயிற்று.

பொடியாளுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். இரண்டும் வெறும் துளிகள். தாய்க்குத்தான் குறி, பிள்ளைக்கு இல்லை. இதை முள்ளனும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. அன்றைக்கென்று வாடைக்காற்றும் கிளம்பிவிட்டது.

“அண்ணே, இன்னும் ரெண்டு பெட்டி.”

“ஊசி போச்சே தங்கச்சி” என்றான் முள்ளன். மழுங்கிய ஊசிகளை விரித்துக் காட்டினான்.

நீரோட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. பொடியாள் மூடியில் கை வைத்தாள்.

“ஏய், வேணாம். அது உன் ஒடம்போட ஒட்டி வளர்ந்தது. அதைப் பிரிச்சா நீயும் ரெண்டாப் போயிருவ.”

“ரெண்டு பிள்ளைதானே அண்ணே” என்றாள் அவள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இன்னொரு முறை ஒரு பிள்ளையைப் போ என்று சொல்ல அவளால் முடியாது.

மூத்தவளுக்கு மூடியைப் போர்த்தினாள். இளையவளை அடிப்பாகத்தில் கிடத்தினாள். “மிச்சப் பாதிய அம்மா கோட்டப் பாத்துப் பாத்து நீங்களே செஞ்சுக்கங்க. இதுக்குள்ள அடங்குற மாதிரி செய்யணும், சரியா?”

“அப்ப ஒனக்கு?” என்று இளையவள் கேட்டாள்.

அதற்குள் பொடியாள் பாதி மூத்தவளோடும் பாதி இளையவளோடும் கலந்துவிட்டிருந்தாள். நீரோட்டம் இரண்டு பேரையும் இரண்டு திசைக்கு இழுத்துக்கொண்டு போயிற்று.

காலம் எவ்வளவோ போனது. வேறொரு கடலில், பெரிய கூட்டத்துக்கு நடுவே, மூத்தவள் ஒரு பெண்ணைப் பார்த்தாள். முகம் பழக்கமில்லை. ஆனால் அவள் ஓட்டில் இருந்தது அம்மாவின் கோடு. “அக்கா” என்று அந்தப் பெண் முந்திக்கொண்டு வந்து ஒட்டிக்கொண்டாள். இந்த முறை யாரும் யாரையும் விலக்கவில்லை.

அன்றிலிருந்துதான் டயாட்டம் என்று இன்று நாம் சொல்லும் அந்தப் பொடிகள், தாய் தந்த பாதியும் தான் செய்த பாதியுமாக ஓடு உடுத்துகின்றன. அதனால்தான், உடம்பு கரைந்து ஓடு மட்டும் மிஞ்சினாலும், புதிதாக ஒன்று கிடைத்ததும் நுண்ணோக்கியில் பார்க்கிறவர்கள் கோட்டையும் துளையையும் எண்ணி, பேர் வைப்பதற்கு முன்னால் அதன் அம்மா யார் என்று தேடுகிறார்கள்.