திருஷ்டி மிளகாயைத் தின்ன மிராசு

காலை நீட்டிப் படு கோமு. தலகாணியை உதைக்காத. ஒரே ஒரு கதைதான், அதுக்கு மேல கேட்டா முதுகுல ஒண்ணு வைப்பேன். நான் சொல்லச் சொல்ல நீ "ம்" போடணும். உன் "ம்" நின்னுச்சுன்னா என் கதையும் நின்னுரும். சரியா?

ஒரு ஊர்ல ஒரு சலூன் கடை. அந்தச் சலூன் கடையில ஒரு கிளி. குஞ்சுக் கிளின்னு நினைச்சுக்காத, கிழட்டுக் கிளி. இருபத்தெட்டு வயசு. நம்ம கணக்குக்கு எண்பதுன்னு வச்சுக்கோயேன். பேரு மிராசு. கழுத்துல செவப்பு வளையம் போட்டுக்கிட்டு, நெஞ்சை நிமித்திக்கிட்டு, ஊர்ல பாதி நிலம் தன்னோடதுங்கிற மாதிரியே உக்காந்திருக்கும். அதனால அந்தப் பேரு.

கடைக்காரர் பேரு சண்முகையா. அவர் பொண்டாட்டி பூரணம். கடைக்குப் பின்னாடியே வீடு. அந்தக் கிளி அவங்க கல்யாணம் ஆன மூணாம் மாசம் வந்தது. பொண்ணைக் கட்டிக் குடுத்தப்புறம் வீட்டுல பேச்சுச் சத்தம்னா அது மிராசு சத்தம்தான். கடைக்குள்ள யாரு கால் வச்சாலும், "வாங்க! உக்காருங்க!"ம்பான். சண்முகையா கத்திரியை எடுத்தா, இவனும் சிக்கு சிக்கு சிக்குன்னு சத்தம் குடுப்பான். எது கத்திரி, எது கிளின்னு தெரியாது. கண்ணை மூடி உக்காந்திருக்கிற ஆளு, "அண்ணேய், போதும்ணே, ரொம்ப வெட்டாதீங்க"ன்னு பதறுவான். அங்க அவர் இன்னும் தண்ணியே தெளிச்சிருக்க மாட்டாரு!

ம் எங்க? ஆங்.

அப்புறம் என்னாச்சு, அந்த மிராசு ஒருநாள் "வாங்க" சொல்லல. மறுநாளும் சொல்லல. கூண்டுக்கு அடியில போய் ஒரு மூலையில உம்முன்னு உக்காந்துக்கிட்டான். கிண்ணத்துல பழம் இருக்கு, கடலை இருக்கு, பச்சை மிளகாய் இருக்கு, பேருக்கு ஒரு கொத்து கொத்திட்டு விட்டுருவான். அதோட விட்டானா? தன் நெஞ்சு முடியைத் தானே பிச்சுப் போட ஆரம்பிச்சான். பிச்சு, பிச்சு, பிச்சுன்னு ஒவ்வொண்ணா. பத்து நாள்ல நெஞ்சு முழுக்கச் செவசெவன்னு தோலு தெரியுது.

ஊர் சும்மா இருக்குமா? "என்ன சண்முகையா, உம்ம கிளிக்கும் மொட்டை போட்டுட்டீரா?"ன்னு சிரிப்பு. அவர் சிரிக்கல. பாவம், அவருக்கு நெஞ்செல்லாம் பயம்.

அப்போ அந்த மனுஷன் ஒரு வேலை பண்ணாரு பாரு, முடி வெட்டுறவருக்குத்தான் அந்தப் புத்தி வரும். "ஊர்ல எத்தனை வழுக்கைக்கு மருந்து குடுத்திருக்கேன், இவனுக்குக் குடுக்க மாட்டேனா?"ன்னு, தான் காய்ச்சுன கரிசலாங்கண்ணித் தைலத்தை எடுத்து, மிராசு நெஞ்சுல சளக்கு சளக்குன்னு தேய்ச்சுவிட்டுட்டாரு!

சிரிக்கியா? சிரி, சிரி. ஆனா மிராசுக்குச் சிரிப்பு வரல. மிச்சம் இருந்த இறகும் எண்ணெய்ல ஒட்டிக்கிச்சு. கிடுகிடுகிடுன்னு நடுங்குது. பூரணம் ஓடியாந்து, "ஏங்க, உங்களுக்குப் புத்தி இருக்கா?"ன்னு திட்டிக்கிட்டே, வெதுவெதுன்னு தண்ணியில துணியை நனைச்சுத் தொட்டுத் தொட்டு எடுத்து, வெயில்ல வச்சு உக்காந்துக்கிட்டா. அப்புறம் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கூட்டியாந்தாங்க.

டாக்டரம்மா கிளியைத் துணியில சுத்தி எடைபோட்டுப் பாத்தாங்க. கண்ணைப் பாத்தாங்க, எச்சத்தைப் பாத்தாங்க, காலைத் திருப்பிப் பாத்தாங்க. "இதுக்குப் பூச்சி இல்ல, நோய் இல்ல. அந்த வழவழக் கம்பியிலயே இத்தனை வருஷம் நின்னு உள்ளங்கால் புண்ணா இருக்கு. மேல ஏற வலிக்குது. அதைவிட, மனசு விட்டுப்போயிருச்சு. எடை ரொம்பக் குறைஞ்சிருக்கு அண்ணாச்சி. காலுக்கு மருந்து தாரேன். ஆனா இன்னும் ஒரு வாரம் இப்படியே தின்னாம இருந்தா, இது இருக்காது"ன்னாங்க.

ஒரு வாரம். சண்முகையா அப்படியே சவரம் பண்ற நாற்காலியில உக்காந்துட்டாரு. தனக்குன்னு அவர் அந்த நாற்காலியில உக்காந்ததே இல்ல.

ம்? ஆங், முழிச்சுத்தான் இருக்க.

அப்போ மாப்பிள்ளைக்கு விஷயம் தெரிஞ்சு, டவுன்ல இருந்து ஒரு புதுக் கூண்டு வாங்கியாந்தாரு. யப்பா, என்ன கூண்டு! மேல கோபுரம், உள்ள ஊஞ்சல், மணி, கண்ணாடி. பளபளபளன்னு. ஊரே வேடிக்கை பாக்க வந்துருச்சு. மிராசை உள்ள விட்டாங்க. மிராசு ஒரு கம்பியில காலை வச்சான். வழுக்குச்சு. தொப்! மறுபடியும் ஏறுனான். தொப்! மூணாந்தடவையும் தொப்! அப்புறம் மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு உக்காந்தவன்தான், சாயங்காலம் வரைக்கும் திரும்பல. மாப்பிள்ளை மனசு நோகக் கூடாதேன்னு சண்முகையா ஒரு நாள் பொறுத்தாரு. மறுநாள் காலையில, "மாப்ள, கோச்சுக்காதீங்க. கண்ணு மங்குன கிழவனை ஊர் தெரியாத ஊர்ல இறக்கிவிட்ட மாதிரி இருக்கு"ன்னு சொல்லி, பழைய கூண்டுக்கே மாத்திட்டாரு.

மூணு நாள் போச்சு. சண்முகையா பக்கத்துல உக்காந்து "சாப்பிடு, சாப்பிடு"ன்னு கெஞ்சுனாரு. மிராசு ரெண்டு வாய்த் தண்ணியோட சரி.

அப்போ பூரணம் சொன்னா, "எனக்கு அன்னிக்கே தெரியும். கடைக்கு வாரவன் போறவன் கண்ணெல்லாம் இது மேலதான். திருஷ்டி!"ன்னு. சொல்லிட்டு நிக்கல. ஒரு எலுமிச்சம்பழம், ஏழு பச்சை மிளகாய், ஒரு கரித்துண்டு, மூணையும் நூல்ல கோத்து, கூண்டுக்கு வெளிய கட்டித் தொங்கவிட்டுட்டா. சண்முகையாவுக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஆனா அவர் தைலம் தேய்ச்ச லட்சணத்துக்கு அவர் என்ன வாயைத் திறக்க?

அன்னிக்கி மத்தியானம் கடையில ஆள் இல்ல. சண்முகையா பெஞ்சுல படுத்திருந்தாரு. தூங்கல, சும்மா அரைக்கண்ணு. அப்போ...

சர்ருக். ஒரு சத்தம்.

பாத்தாரு. மிராசு மூலையை விட்டு ஒரு அடி நகந்திருக்கான். தலையைச் சாய்ச்சு ஒரு கண்ணால மேல பாக்கான். காத்துல திருஷ்டிக் கயிறு ஆடுது. சர்ருக், சர்ருக்குன்னு கம்பியை அலகால கவ்விக்கிட்டு, வலிக்கிற காலோட மெதுவா ஏறுதான். ஏறி மூக்கை வெளிய நீட்டி மிளகாயைப் பிடிக்கப் போனா, அது விர்ருன்னு சுத்திக்கிட்டுப் போயிருச்சு. ரெண்டாந்தடவை நீட்டுனான். எலுமிச்சம்பழம் வந்து மூக்குல இடிச்சுச்சு. அப்போ மூஞ்சியைச் சுளிச்சான் பாரு! மூணாந்தடவை என்ன பண்ணுனான் தெரியுமா? மிளகாய்க்குப் போகல. நூலைப் பிடிச்சான். பிடிச்சு, இழுத்து, இழுத்ததைக் காலால மிதிச்சுக்கிட்டு, திரும்ப இழுத்தான். கெட்டிக்காரப் பய! மிளகாய் தானா வாய்க்கு வந்துச்சு.

கறுக்கு!

தின்னான் கோமு. நுனியில இருந்து காம்பு வரைக்கும் விதை சிந்தாம தின்னான். தின்னுட்டு அடுத்த மிளகாய்க்கு நூலை இழுத்தான்.

அந்நேரம் பாத்து பூரணம் காப்பியோட வந்தவ, "ஐயய்யோ! திருஷ்டியைத் தின்னுருச்சே! ஊர்க்கண்ணு பூராவும் அது வயித்துக்குள்ள போயிருச்சே!"ன்னு கத்தி, டம்ளரை டொணங்குன்னு கீழ போட்டா. சண்முகையா எந்திரிச்சு அவ கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "கத்தாத பூரணம். கூண்டுக்குள்ள கிண்ணத்தைப் பாரு. அதே மிளகாய் அதுல காலையில இருந்து கிடக்கு. அதைத் தொடல. தொங்குறதைத்தான் திங்கான். இவனுக்குத் திருஷ்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேலை இல்லட்டி இவனுக்கு!"

என்ன? கிளிக்கு என்ன வேலையா? அப்படித்தான் பூரணமும் கேட்டா. சண்முகையா சொன்னாரு, "செவ்வாய்க்கிழமை கடை லீவு. அந்த ஒரு நாளு சும்மா இருக்க முடியாம நான் என்ன பாடு படுதேன்? எனக்குக் கை நமநமங்குதுன்னு உன் வெங்காயத்தை எல்லாம் உரிச்சு வைக்கேன்ல? இவனுக்கு வருஷம் பூராவும் செவ்வாய்க்கிழமை. சாப்பாடு கிண்ணத்துல வந்துருது. தேட வேண்டாம், உரிக்க வேண்டாம், அலைய வேண்டாம். முன்ன ஏறி இறங்கிப் பொழுதைப் போக்குனான், கால் வலியில அதுவும் போச்சு. வேற என்ன செய்வான்? தன் இறகைப் பிடுங்குதான். எனக்கு இருபத்தெட்டு வருஷமா இது தெரியலயே"ன்னு சொல்லிட்டு அழுதுட்டாரு. நல்ல மனுஷன். தப்புன்னு தெரிஞ்சா ஒத்துக்கிட்டு அழ எத்தனை பேருக்கு வரும் சொல்லு?

அழுதுட்டுச் சும்மா இருக்கல. அதுதான் எனக்கு அவர்ட்டப் பிடிச்சது. அன்னிக்கே கொய்யா மரத்துல கொப்பு வெட்டியாந்தாரு. ஒண்ணு விரல் தண்டி, ஒண்ணு அதைவிடப் பெருசு, ஒண்ணு கோணல்மாணலா. கிளி கால் ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி பிடிக்கணும், அப்பதான் ஒரே இடத்துல புண்ணாகாதுன்னு டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாங்க. மூணையும் தாழ்வாக் கட்டுனாரு, விழுந்தாலும் அடிபடக் கூடாதுல்ல. ஒண்ணுக்கு மட்டும் பழைய வேட்டித் துணியைக் கிழிச்சு மெத்துன்னு சுத்துனாரு. கீழ இருந்து மேல போக, குச்சியில ஒரு சின்ன ஏணி. கம்பியில காலே வைக்க வேண்டாம்.

அப்புறம் கூண்டு இருந்த இடத்தைப் பாத்தாரு. சலூன்ல எதிரும் புதிருமா ரெண்டு கண்ணாடி இருக்கும்ல? நடுவுல இவன். இந்தப் பக்கம் பாத்தா நூறு மிராசு, அந்தப் பக்கம் பாத்தா நூறு மிராசு. எப்படி நிம்மதி இருக்கும்? கூண்டைத் தூக்கி, முதுகுக்குச் செவுரு இருக்கிற மாதிரி ஜன்னலோரம் வச்சாரு. காலை வெயில் வரும், பாதிக் கூண்டுக்கு நிழலும் இருக்கும். பொழுது சாஞ்சதும் துணியைப் போட்டு மூடி, "படுடா மிராசு, கடை அடைச்சாச்சு"ம்பாரு. கிழவனுக்குத் தூக்கம் நிறைய வேணும். உனக்கும்தான், கண்ணை மூடு, ம் மட்டும் போடு.

ம்.

சாப்பாட்டுக்கு என்ன பண்ணாரு தெரியுமா? கிண்ணத்துல பாதி, ஒளிச்சு வச்சது பாதி. ஒரு கடலையை மக்காச்சோளத் தோல்ல மடிச்சு வச்சாரு. முருங்கைக் கீரையைக் கொத்தாக் கட்டித் தலைகீழாத் தொங்கவிட்டாரு. கேரட்டு நடுவுல ஓட்டை போட்டுக் குச்சியில கோத்தாரு. தேங்காய்ச் சிரட்டையில துளை போட்டு உள்ள கொய்யாத் துண்டு. எல்லாத்தையும் ஒரே நாள்ல வைக்கல, அது முக்கியம். புதுசு ஒண்ணு, அது பழகுனப்புறம் இன்னொண்ணு. முதல்ல மடிப்பை லேசா மடிச்சாரு, தொட்டா அவுந்துரும். "தோத்துப் போயிட்டோம்னு அவனுக்குத் தோணிறக் கூடாது பூரணம்"னாரு. அப்புறம் கொஞ்சம் இறுக்கமா. கத்திரி பிடிக்கிற கையாச்சே, என்ன பதமா மடிப்பாரு தெரியுமா!

மிராசும் லேசுப்பட்டவன் இல்ல. ஏழு நாள்ல டாக்டரம்மா வந்து நிறுத்துப் பாத்தாங்க. எடை ஏறியிருந்துச்சு. "அண்ணாச்சி, நான் படிச்ச படிப்பை நீங்க கடையில உக்காந்தே படிச்சிட்டீங்க"ன்னாங்க. பூரணம் மட்டும், "என் திருஷ்டிக் கயிறு இல்லாட்டி உங்க படிப்பு எங்க இருந்திருக்கும்?"னா. அதுவும் வாஸ்தவம்தான! ரெண்டு மாசத்துல நெஞ்சுல ஊசி ஊசியா முளைச்சு, பச்சைப் பசேல்னு இறகு வந்துச்சு.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை. சண்முகையா கூண்டைத் திறந்து புதுக் கொப்புக் கட்டிக்கிட்டிருந்தாரு. வேலை மும்முரத்துல காலையில இருந்து பச்சைத் தண்ணி கூட குடிக்கல. பூரணம் மூணு தடவை கூப்பிட்டும் போகல. மிராசு வெளிய வந்து அவர் தோள்ல ஏறி உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தான். அப்புறம் உள்ள போனான். சோளத்தோலைப் பிரிச்சுக் கடலையை எடுத்தான். திங்கல. வாயில வச்சுக்கிட்டே திரும்பத் தோளுக்கு ஏறி வந்து, அவர் சட்டைப் பைக்குள்ள அதைத் திணிச்சான். மூக்கால அழுத்தி அழுத்தி நல்லா உள்ள தள்ளுனான். தள்ளிட்டு, எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பான்னு ஜன்னலைப் பாத்துக்கிட்டான்.

சண்முகையாவுக்கு என்னமோ குறுகுறுன்னுச்சு. பையில கையை விட்டாரு. சீப்பு வந்துச்சு. திரும்ப விட்டாரு. பீடிக்கட்டு வந்துச்சு. மிராசு ஓரக்கண்ணால பாக்கான். மூணாந்தடவை அடிவரைக்கும் துழாவுனாரு. கடலை!

மிராசு அவர் காதுகிட்ட வந்து, மெதுவா, "சாப்பிடு"ன்னான். அத்தனை மாசத்துல அவன் வாயில இருந்து வந்த முதல் சொல்லு அதுதான்.

அவர் கடலையை உடைச்சாரு. ரெண்டு பருப்பு. ஒண்ணை மிராசு வாயில வச்சாரு, ஒண்ணைத் தன் வாயில போட்டுக்கிட்டு, "பூரணம், சோத்தைப் போடு. பெரியவர் சொல்லிட்டாரு"ன்னு உள்ள போனாரு.

ம்? ...கோமு? ஏட்டி?

சரி. உன் "ம்" தூங்கப் போயிருச்சு, என் கதையும் துணியைப் போத்திக்கிருச்சு. கடை அடைச்சாச்சு, படு தாயி.