அலகில் வராத காற்று

இக்கதையை 1987ஆம் ஆண்டு ஐப்பசியில், வால்பாறைக்கு மேலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கும் செங்கமலம் சொல்லக் கேட்டேன். மழைக்கு ஒதுங்கியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் சுற்றி இருந்தனர். அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். நடை மட்டும் என்னுடையது.

ஓர் உயர்ந்த மரத்தின் பொந்தில் இருவாச்சிப் பறவைக் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடத் தாய் பொந்துக்குள் புகுந்ததும், சேறும் பழக்கூழும் பூசி வாயிலை அடைத்துவிடும். அலகு நுழையும் கீற்று மட்டும் மிஞ்சும். அதன் வழியே தந்தை பழம் ஊட்டும். குஞ்சு வளர்ந்ததும் தாய் அந்தச் சுவரை உடைக்கும்.

இந்தத் தாயும் உடைத்து வெளியே வந்தது. தந்தையோ உடனே சேற்றைக் குழைத்து மறுபடி பூசத் தொடங்கியது!

"என்ன செய்கிறீர்கள்? நான் மட்டும் வெளியே வரவா உடைத்தேன்?" என்று தாய் பதறியது.

"வெளியே மரநாய் திரிகிறது! கழுகு வட்டமிடுகிறது! பிள்ளை உள்ளேயே இருக்கட்டும். காட்டை நான் இங்கே கொண்டுவருகிறேன்."

அப்படியே செய்தது. அத்திப்பழம் வந்தது. பாசி வந்தது. பொன்வண்டு வந்தது. குஞ்சு எல்லாவற்றின் பெயரையும் கற்றுக்கொண்டது.

"அப்பா, மழை என்றால் என்ன?"

தந்தை ஓடைக்குப் போய் நனைந்த இலையொன்றைக் கொண்டுவந்தது. "இதுதான்!"

"இது இலை அல்லவா?"

தந்தை பேச்சை மாற்றியது.

"சரி, காற்று என்றால் என்ன?"

"அலகில் கொண்டுவர முடியாதது எதுவும் உனக்குத் தேவையில்லை!"

ஒருநாள் குட்டி மலையணில் ஒன்று கிளையில் தாவி, தவறி, கீழ்க்கிளையில் தொப்பென்று விழுந்தது. எழுந்து பார்த்தால் கீற்றில் ஓர் அலகு!

"ஏய் மூக்கே! உனக்கு உடம்பு உண்டா, மூக்கு மட்டும்தானா?"

"உள்ளே ஏதோ இருக்கிறது. நானே முழுதாகப் பார்த்ததில்லை! நீ விழுந்தாயே, வலிக்கவில்லையா?"

"வலித்தது! அந்தக் கிளை வழுக்கும் என்று இப்போது தெரிந்துவிட்டதே!"

கோடை முற்றியது. அம்மலையில் அத்தி தீர்ந்தது. எதிர்மலையில் பழுத்திருந்தது, இடையே பெரும்பள்ளத்தாக்கு. மற்ற இருவாச்சிகள் கூட்டமாகக் கிளம்பிவிட்டன. ஒற்றைப் பழத்துக்காகத் தந்தை பகலெல்லாம் அலைந்தது. குஞ்சு மெலிந்தது. வேறு வழியின்றித் தந்தை சுவரை உடைத்தது.

"வா மகளே, பறப்போம்!"

குஞ்சு கிளைக்கு வந்தது. எதிர்மலையின் பழத்துக்குப் பெயர் சொன்னது. இறக்கையை விரிக்க மட்டும் தெரியவில்லை. தந்தை தலைகுனிந்து நின்றது.

"மூக்கே, இங்கே தாவு! விழுந்தால் கீழே இன்னொரு கிளை இருக்கிறது!" என்று கூவியது அணில்.

தடுக்கப் பாய்ந்தது தந்தை. தாய் இறக்கையை விரித்து அதை மறித்தது. குஞ்சு தாவியது, விழுந்தது, சிரித்தது. மறுபடி தாவியது. கிடைத்த ஒன்றிரண்டு பழத்தைத் தின்றுகொண்டு விளையாட்டு நாள்தோறும் நடந்தது. கிளை எங்கே வளையும், எங்கே வழுக்கும் என்று அதன் கால்கள் அறிந்துகொண்டன.

ஒரு மாலை, பள்ளத்தாக்கிலிருந்து ஏதோ எழுந்து வந்து அதன் இறக்கைக்குள் புகுந்து மேலே தூக்கியது.

"அப்பா! இதுதானா காற்று? உங்கள் அலகில் எப்படிப் பிடிக்கும்!"

மூன்றும் எதிர்மலை சேர்ந்தன.

இது செங்கமலம் சொன்ன முடிவு. அடுத்த தோட்டத்து லாரி ஓட்டுநர் மரியசூசை வேறுவிதமாகச் சொல்கிறார்: தந்தை சுவரை உடைக்கவே இல்லை, பழம் தேடிப் போனது திரும்பவில்லை, கீற்றில் குஞ்சின் அலகு மட்டும் நெடுநேரம் தெரிந்தது. எந்த முடிவை ஏற்றாலும் இருவரும் கதையை நிறுத்தும் சொல் ஒன்றே: காட்டைப் பிள்ளையிடம் கொண்டுவந்து தர யாராலும் ஆகாது, பிள்ளையைத்தான் காட்டில் விளையாட விட வேண்டும்.